கப்பல் குருவிக்கு என் வீட்டுக்காரர் போட்ட மெட்டு

என் வீட்டுக்காரருக்கு 'முடியாது' என்று சொல்ல வாய் வராது. கல்யாணமான முதல் வருடத்திலேயே இதைக் கண்டுபிடித்துவிட்டேன். வீட்டில் இருப்பதை எடுத்துக் கொடுக்கிற ஆள் என்றால் அலமாரியைப் பூட்டிச் சமாளித்துவிடலாம். இவர் யார் எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொண்டு வருகிற ஆள். அதற்கு எந்தப் பூட்டைப் போடுவது?

எழுபதுகளில், புது ஹார்பர் வந்த புதிதில், அவர் ஒரு கப்பல் ஏஜென்ட் ஆபீசில் வேலை பார்த்தார். வருகிற கப்பலில் ஏறி, உள்ளே இருப்பவர்களுக்குத் தண்ணீர் வேண்டுமா, காய்கறி வேண்டுமா, டாக்டர் வேண்டுமா என்று கேட்டு ஏற்பாடு செய்வது அவர் வேலை. கப்பல்காரர்களுக்கு இவரைக் கண்டால் உயிர். போகும்போது எதையாவது கையில் திணித்துவிடுவார்கள். அப்படித்தான் எங்கள் வீட்டுக்கு ராணி இல்லாத சதுரங்கப் பெட்டி ஒன்று வந்தது. கணுக்கால் வரைக்கும் தொங்கும் கம்பளிக் கோட்டு ஒன்று வந்தது. உப்பளத்து வெயிலில் காக்காயே நிழல் தேடுகிற தூத்துக்குடியில் கம்பளிக் கோட்டு! அதை நான் அரிசிப் பானைக்கு மேல் எலி ஏறாமல் போர்த்தி வைத்திருந்தேன்.

நான் பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர். ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலில் பாடகர் குழுவும் என் பொறுப்பு. அந்தக் குழுவில் என் வீட்டுக்காரரைச் சேர்க்கவில்லை. என் மாமியார் சிபாரிசு செய்தும் சேர்க்கவில்லை. அவர் பாடினால் ஆர்மோனியமே சுருதி மாறும். சபையோடு சேர்ந்து 'ஆமென்' சொல்ல மட்டும் அவருக்கு அனுமதி உண்டு, அதுவும் மெதுவாக.

டிசம்பர் தொடக்கத்தில் ஒரு மழைநாள் சாயங்காலம், குடையைத் தன் தலைக்குப் பிடிக்காமல் ஒரு கூண்டுக்குப் பிடித்துக்கொண்டு தொப்பலாக நனைந்து வந்து வாசலில் நின்றார்.

"என்னது இது?" என்றேன்.

"குருவி."

"குருவின்னு எனக்கும் தெரியுது. அதுக்கு நம்ம வீட்ல என்ன வேலை?"

"கொஞ்ச நாளைக்குத்தான்," என்றார். இந்த 'கொஞ்ச நாளைக்குத்தான்' எனக்குப் பழக்கம். கம்பளிக் கோட்டும் அப்படித்தான் வந்தது.

தலையைத் துவட்டிக்கொண்டே கதையைச் சொன்னார். வடக்கே பனி பெய்கிற ஏதோ நாட்டுக் கப்பல். அதன் சமையல்காரனுக்குக் குடல்வால் வெடிக்கப் பார்த்திருக்கிறது. ஆள் அரிசி மூட்டை மாதிரி கனம். ஏணியில் இறக்க வழியில்லாமல் ஸ்ட்ரெச்சரில் கட்டி, சரக்கு இறக்குகிற கிரேனில் மாட்டி இறக்கியிருக்கிறார்கள். அந்த வலியிலும் வயிற்றின் மேல் இந்தக் கூண்டைக் கட்டிப் பிடித்துக்கொண்டே வானத்திலிருந்து இறங்கி வந்திருக்கிறான். ஆஸ்பத்திரிக்குள் குருவியை விடமாட்டார்கள். கப்பலும் காத்திருக்காது. குணமான பிறகு வேறு கப்பலில் ஏற்றிவிடுவதாக ஏற்பாடு.

"அவன் என் கையப் புடிச்சிக்கிட்டு இதத் தந்தான். என்னமோ சொன்னான். ஒரு எழவும் புரியல. அவனுக்கு இங்கிலீசும் வராது. நான் தலையாட்டிட்டேன்."

"புரியாமலா தலையாட்டுனீங்க?"

"புரிஞ்சிருந்தாலும் ஆட்டத்தான செஞ்சிருப்பேன்," என்றார்.

வேலியில் போகிற ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதை என்பார்கள். இவர் அன்றைக்குக் கட்டியிருந்தது வேட்டி கூட இல்லை, பேண்ட்தான். ஓணான் மட்டும் எப்படியோ வந்து சேர்ந்துவிடும்.

குருவி என் உள்ளங்கைக்குள் அடங்குகிற அளவுதான் இருந்தது. மஞ்சளும் பச்சையும் கலந்த நிறம். தலையில் கறுப்புத் தொப்பி வைத்தது போல ஒரு கறுப்பு. பென்சில் சீவினது போலக் கூர்மையான அலகு. பக்கத்து வீட்டு அக்கா, கடற்கரைக் கத்தோலிக்கக் குடும்பம், கூண்டைச் சுற்றி ஒருமுறை நடந்து பார்த்துவிட்டு, "ஏளா, கப்பல் குருவி வந்திருக்கா?" என்றாள். அதோடு அதற்குக் கப்பல் குருவி என்றே பேர் நிலைத்தது.

கூடவே ஒரு துணிப்பையில் ஏதோ பொடி விதை வந்திருந்தது. மழை ஈரத்தில் மூன்றாம் நாளே பூசணம் பிடித்துவிட்டது. தினை வைத்தேன், கம்பு வைத்தேன், அரிசிக் குருணை வைத்தேன். சாகாமல் இருப்பதற்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு மட்டும் கொத்திவிட்டு, இறகை உப்பிக்கொண்டு எலுமிச்சம்பழம் மாதிரி உருண்டு உட்கார்ந்திருந்தது. அக்கா எங்கள் ஊர் முந்திரிப் பலகாரமான மக்ரூன் ஒன்றை உடைத்து வைத்தாள். தூத்துக்குடியில் மக்ரூனை வேண்டாம் என்று சொன்ன முதல் உயிர் அதுவாகத்தான் இருக்கும். அதைவிட எனக்கு எரிச்சல் என்னவென்றால், வாயைத் திறந்து ஒரு கீச் கூடக் கிடையாது. பாட்டு டீச்சர் வீட்டுக்கு வந்து ஊமையாக இருந்தால் எப்படி இருக்கும்?

என் வீட்டுக்காரர் தினமும் வேலை முடிந்து ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டுத்தான் வீட்டுக்கு வருவார். ஆபரேஷன் நல்லபடி முடிந்துவிட்டது. ஆனால் சமையல்காரன் எதையும் சாப்பிடவில்லை. கஞ்சியைக் கொண்டு போனால் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்கிறான் என்று நர்சம்மா புலம்பினாராம். இவரைப் பார்த்தவுடன் அவன் ஐந்து விரலையும் கூட்டி அலகு மாதிரி வைத்து, திறந்து மூடி, புருவத்தைத் தூக்கியிருக்கிறான். பாடுகிறதா என்று கேட்கிறான்.

"நீங்க என்ன சொன்னீங்க?" என்றேன்.

"எப்படிளா இல்லன்னு சொல்ல? அவன் முகத்த நீ பாக்கல. பாடுதுன்னு தலையாட்டினேன். அவன் நம்பாத மாதிரி பாத்தான். அதான்..."

"அதான்?"

"விசிலடிச்சிக் காட்டிட்டேன். இப்படிப் பாடுதுன்னு."

பொய் சொன்னது கூடப் பரவாயில்லை. இவர் மெட்டுப் போட்டிருக்கிறார்! என்ன விசிலடித்தீர்கள் என்று கேட்டேன். அடித்துக் காட்டினார். கோயிலில் பாடுகிற ஞானப்பாட்டு மாதிரி ஆரம்பித்து, நடுவில் முத்தையாபுரம் பஸ்ஸின் ஹாரன் ஆகி, கடைசியில் பால் பொங்கி அடுப்பில் வழிகிற மாதிரி முடிந்தது. கூண்டுக்குள் இருந்த குருவி தலையைத் திருப்பி அவரை ஒருமுறை பார்த்துவிட்டு முதுகைக் காட்டிக்கொண்டது.

"அவன் நம்பிட்டானா?"

"கண்ண மூடிக் கேட்டான். பெறவு கஞ்சிய எடுத்து ஒரே மூச்சாக் குடிச்சிட்டான். நர்சம்மாவுக்கு ஒரே சந்தோசம். நாளைக்கும் வாங்கன்னாவ."

அதிலிருந்து அது தினப்படிக் கச்சேரி ஆகிவிட்டது. சாயங்காலம் இவர் போவார், சமையல்காரன் விரலால் அலகு காட்டுவான், இவர் விசிலடிப்பார், அவன் கண்ணை மூடிக் கேட்டுவிட்டுச் சாப்பிடுவான். பக்கத்துக் கட்டிலில் காலொடிந்து கிடந்த உப்பளக் கணக்கர், "அண்ணாச்சி, எனக்கும் ஒரு தடவ ஊதுங்க, சோறு எறங்க மாட்டேங்கு," என்று கேட்க ஆரம்பித்துவிட்டார். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று இத்தனை நாள் நான் இவரைக் கேலி செய்துகொண்டிருந்தேன். இப்போது இவருக்கு ஒரு வார்டு நிறைய ரசிகர்கள்.

ஆனால் வீட்டுக்கு வந்தவுடன் முகம் வாடிவிடும். கூண்டுக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு, "தின்னியா? பாடினியா?" என்று அதனிடம் கேட்பார். கிறிஸ்துமஸ் அன்றைக்குக் காலையில் சமையல்காரனை வெளியே விடுவதாக டாக்டர் சொல்லியிருந்தார். அவன் வந்து கூண்டைப் பார்க்கும்போது அது பாட வேண்டும். பாடாவிட்டாலும் உயிரோடாவது இருக்க வேண்டும். நாளுக்கு நாள் அது எலுமிச்சம்பழத்திலிருந்து நெல்லிக்காய் ஆகிக்கொண்டிருந்தது.

"அவனுக்கு இங்கன யாரு இருக்கா, சொல்லு. இந்த ஒரு உசிருதான. நம்ம கையில வச்சி அது போயிட்டுன்னா நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு அவன் முன்னால நிப்பேன்?" என்றார். நான் வழக்கம் போல ஏதோ குத்தலாகச் சொல்ல வாயைத் திறந்தேன். அவர் கண் கலங்கியிருந்ததைப் பார்த்து மூடிக்கொண்டேன்.

அதன் பிறகு நானும் களத்தில் இறங்கினேன். எங்கள் தலைமையாசிரியை, "பனி நாட்டுப் பறவை, அதற்கு வெக்கை தாங்கவில்லை," என்றார். படித்தவர் சொன்னால் சரியாக இருக்கும் என்று, மீன் பெட்டிக்குப் போடுகிற பார் ஐஸ் ஒரு துண்டு வாங்கி வந்து, ஒரு தாம்பாளத்தில் வைத்து அதன் மேல் கூண்டை வைத்தோம். குளிர்ந்ததோ என்னவோ, வீடு முழுக்க மீன் வாடை. அந்த வாடைக்குத் தெருப் பூனைகளில் மிகப் பெரியது, ஒரு காது கிழிந்த கடுவன், உள்ளே வந்து தாம்பாளத்துக்கு எதிரே உட்கார்ந்துவிட்டது. ஐஸ்தான் தனக்கு வேண்டும் என்பது போல அதை நக்கிக்கொண்டே ஒரு கண்ணால் மேலே பார்த்தது. விளக்குமாற்றால் விரட்டினேன். ஐஸ் உருகிப் போனது, பூனை போகவில்லை. அன்றிலிருந்து எங்கள் வீட்டு வாசலே அதற்கு வாசஸ்தலம்.

அதனால்தான் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் மத்தியானம், கோயிலை அலங்கரிக்கப் போகும்போது, கூண்டையும் கையோடு கொண்டு போனேன். ஆர்மோனியப் பெட்டியின் மேல் வைத்துவிட்டு வேலையைப் பார்த்தேன்.

எங்கள் பக்கத்தில் கிறிஸ்துமஸ் மரம் என்றால் சவுக்கு மரந்தான். வாழ்த்து அட்டைகளில் இருக்கிற ஊசியிலை மரத்துக்கு நாங்கள் எங்கே போவது? ஊசி மாதிரி இலை, கூம்பு மாதிரி காய், அது போதும் என்று யாரோ ஒரு காலத்தில் முடிவு செய்திருக்கிறார்கள். கடற்கரைத் தோப்பில் ஒரு நல்ல சவுக்கை வெட்டி வந்து, மண்ணெண்ணெய் டின்னில் மணல் போட்டு நிறுத்தி, மருந்துக் கடைப் பஞ்சைப் பிய்த்துப் பனியாக ஒட்டுவோம். கடற்காற்றில் பனி பறந்து சபையார் தலையில் விழும். அந்த வருடம் வாலிபர் சங்கத்தார் வீரத்தைக் காட்ட வேண்டும் என்று, கோயில் உத்திரத்தைத் தொடுகிற ஒரு மரத்தை வெட்டி வந்துவிட்டார்கள்.

மரத்தை உள்ளே இழுத்து வரும்போது, காய்கள் குலுங்குகிற ஒரு கிளை கூண்டை உரசியது. அவ்வளவுதான். அதுவரை நெல்லிக்காயாக உட்கார்ந்திருந்த குருவி கூண்டுக்குள் தலைகீழாகத் தொங்கியது, கம்பியைக் கொத்தியது, இறகடித்தது. மரத்தைப் பார்த்துப் பயந்து வலிப்பு வந்துவிட்டது என்று நினைத்தேன். இவ்வளவு பெரிய மரத்தைக் கண்டால் யாருக்குத்தான் பயம் வராது? பிடித்துத் தடவிக் கொடுக்கலாம் என்று கதவைத் திறந்து கையை விட்டேன். என் கை உள்ளே போன அதே வாசல் வழியாகக் குருவி வெளியே போனது. நேராகச் சவுக்குக்குள் நுழைந்து மறைந்தது.

"ஜன்னல அடைங்க!" என்று நான் போட்ட சத்தத்தில், கிறிஸ்துமஸ் நாடகத்துக்கு ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்த மேய்ப்பர்களும் தேவதூதர்களும் ஆளுக்கொரு பக்கம் ஓடினார்கள்.

பச்சை மரத்துக்குள் பச்சைக் குருவி. கிளை அசைகிறதே தவிர ஆள் தெரியவில்லை. கோயில் மணி அடிக்கிற அண்ணாச்சி உள்ளே போய், நீளமான கம்பின் நுனியில் வெல்வெட்டுப் பை கட்டிய காணிக்கைப் பையைத் தூக்கிக்கொண்டு வந்தார். பெஞ்சு மேல் ஏறி நின்று, பின்வரிசைக்காரர்களிடம் நீட்டுகிற அதே பொறுமையோடு ஒவ்வொரு கிளையாக நீட்டினார். சத்தம் கேட்டு வந்த குருவானவர் கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்துவிட்டு, "கொடுக்க மனசில்லாதவுகட்ட எவ்வளவு நேரம் நீட்டினாலும் விழாது அண்ணாச்சி," என்றார்.

சேதி கேட்டு என் வீட்டுக்காரர் சைக்கிளில் பறந்து வந்தார். நான் திட்டு வாங்கத் தயாராக நின்றேன். அவர் திட்டவில்லை. மரத்தடியில் நின்று, அண்ணாந்து, தன் மெட்டை விசிலடித்தார். நாலு தடவை அடித்தார். மரத்திலிருந்து கொஞ்சம் பஞ்சு விழுந்தது.

"விடிஞ்சா அவன் வந்துருவான்," என்றார். அது திட்டைவிட மோசமாக இருந்தது.

மறுநாள் அதிகாலை ஆராதனையை எங்கள் சபையார் சாகும் வரை மறந்திருக்க மாட்டார்கள். குருவி வெளியே போய்விடக் கூடாது என்று ஜன்னல்களை எல்லாம் அடைத்திருந்தோம். அடிபட்டுவிடக் கூடாது என்று மின்விசிறி எதுவும் ஓடவில்லை. கதவில் ஒரு ஆள் நின்று, வருகிறவர்களைத் திருட்டுச் சாமான் கடத்துகிற மாதிரி ஒவ்வொருவராக உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினார். புதுப் பட்டுச் சேலைகள் எல்லாம் வியர்வையில் ஒட்டிக்கொண்டன. பாட்டுப் புத்தகத்தைப் பாடுவதற்கு எடுத்தவர்களைவிட விசிறுவதற்கு எடுத்தவர்கள்தான் அதிகம்.

இதற்கு நடுவில் என் வீட்டுக்காரர் சமையல்காரனைக் கூட்டிக்கொண்டு வந்தார். அவன் துணிமணி எல்லாம் கப்பலோடு போய்விட்டதால், எங்கள் வீட்டு வேட்டியும் இவருடைய சட்டையும் போட்டிருந்தான். சட்டையில் இரண்டு பொத்தான்தான் பூட்ட முடிந்தது. சிவந்த முகம், வெள்ளைப் புருவம், தையல் போட்ட வயிற்றைக் கையால் தாங்கிக்கொண்ட நடை. அவனை முன் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, காலிக் கூண்டைத் தூணுக்குப் பின்னால் காலால் தள்ளினார் இவர். அவன் சுற்றிலும் பார்த்தான். விரலைக் கூட்டி அலகு காட்டினான். இவர் 'பிறகு, பிறகு' என்று கையைக் காட்டினார். நான் ஆர்மோனியத்தில் தப்பான கட்டையை அழுத்தினேன்.

குருவானவர் ஜெபத்துக்கு முழங்காலிடச் சொன்னார். கோயிலே அடங்கியது. அப்போதுதான் அந்தச் சத்தம் வந்தது.

எண்ணெய் காணாத தையல் மெஷினை வேகமாக மிதித்த மாதிரி ஒரு கடகடப்பு. நடுவில் மூச்சு விடாமல் கிறீச், கிறீச், கிறீச். கடைசியில் நூல் சிக்கிக்கொண்டு நின்ற மாதிரி, 'ஜ்ஜ்ஜீ' என்று ஒரு நீண்ட இழுப்பு. திரும்பவும் முதலிலிருந்து. நான் தலையைத் தூக்கிப் பார்த்தேன். உத்திரத்துப் பக்கம், மரத்தின் நுனியில், ஒரு சவுக்குக் காயில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு, காய்க்குள்ளிருந்து விதையை உருவித் தின்றுகொண்டே பாடிக்கொண்டிருந்தது கப்பல் குருவி. எங்கள் பொய்க் கிறிஸ்துமஸ் மரத்தை அது மெய்யென்று எடுத்துக்கொண்டுவிட்டது. பின்னாளில் ஒரு பறவைப் புத்தகத்தில் படம் பார்த்தேன். சிஸ்கின் என்று பேர் போட்டிருந்தது. ஊசியிலைக் காட்டில் கூம்புக் காய்களைக் கொத்தித் தின்று வாழ்வது என்று எழுதியிருந்தது. வீட்டிலிருந்து நாலு எட்டு நடந்தால் தோப்பு. நாங்கள் அதற்கு மக்ரூனும் மீன் ஐஸும் கொடுத்துக்கொண்டிருந்தோம்.

சமையல்காரன் எழுந்து நின்றுவிட்டான். சபை முழுவதும் முழங்காலில், அவன் மட்டும் நடுவில் மலை மாதிரி. கன்னத்தில் கண்ணீர் ஓடியது. குருவானவர் ஜெபத்தை நிறுத்திவிட்டு, குருவி முடிக்கும் வரை காத்திருந்தார். அது முடித்ததும், "ஆமென்," என்றார். சபையாரும் "ஆமென்" என்றார்கள். என் வீட்டுக்காரர் அன்றைக்குச் சத்தமாகச் சொன்னார். நான் திரும்பி முறைக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் எனக்கு உறைத்தது. அந்தப் பாட்டுக்கும் இவர் போட்ட மெட்டுக்கும் ஸ்நானப் பிராப்தி கூடக் கிடையாது. அது தையல் மெஷின், இது பஸ் ஹாரன். நான் அவரைப் பார்த்தேன். அவருக்கும் உறைத்திருந்தது. காது வரைக்கும் சிவந்து போய், பாட்டுப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"அப்ப அவனுக்கு மொத நாளே தெரியும்," என்று ஆராதனை முடிந்ததும் என்னிடம் வந்து சொன்னார். "பாடலன்னு தெரியும். தெரிஞ்சிக்கிட்டுத்தான் கஞ்சி குடிச்சிருக்கான்."

"ஆமா."

"எதுக்குளா?"

"நீங்க அவ்வளவு பாடுபட்டு விசிலடிக்கீங்கல்லா. அவனுக்கும் இல்லன்னு சொல்ல வாய் வரலையாக்கும்," என்றேன். கேலியாகச் சொல்லத்தான் ஆரம்பித்தேன். முடிக்கும்போது அது கேலியாக இல்லை. அவர் பெஞ்சில் உட்கார்ந்து சின்னப் பிள்ளை மாதிரி அழுதார், அழுதுகொண்டே சிரித்தார்.

குருவியைப் பிடிக்க யாரும் மெனக்கெடவில்லை. சமையல்காரன் கூண்டுக்குள் ஒரு கொத்துச் சவுக்குக் காயை வைத்து, கதவைத் திறந்து மரத்தடியில் வைத்துவிட்டு, பிரியாணி சாப்பிட எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டான். சாயங்காலம் போய்ப் பார்த்தால் அது தானாகவே உள்ளே உட்கார்ந்திருந்தது.

புது வருடம் பிறந்த பிறகு அவனுக்குக் கப்பல் வந்தது. ஒரு சாக்கு நிறையச் சவுக்குக் காய் கட்டிக் கொடுத்தோம். கஸ்டம்ஸ்காரர் சாக்கைப் பிரித்து, ஒரு காயை மோந்து பார்த்து, கடித்தும் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, இத வச்சி என்ன செய்வாவ?" என்று கேட்டார். அரிசிப் பானை மேலிருந்த கம்பளிக் கோட்டையும் அவனுக்கே கொடுத்துவிட்டேன். அவனுக்காவது உதவட்டும்.

நானும் வழியனுப்ப ஹார்பருக்குப் போயிருந்தேன். கப்பல் மெல்ல விலகியது. மேல்தளத்தில் ஒரு கையில் கூண்டோடு அவன் நின்றான். அத்தனை நாளில் என் வீட்டுக்காரர் பேரை அவன் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. இவருக்கு அவன் பேரும் தெரியாது. எப்படிக் கூப்பிட்டு விடை சொல்வது என்று தெரியாமல் இவர் கையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தார்.

அவன் இரண்டு விரலை வாயில் வைத்தான். ஞானப்பாட்டு மாதிரி ஆரம்பித்து, நடுவில் முத்தையாபுரம் பஸ் ஆகி, கடைசியில் பால் பொங்கி வழிந்தது. ஒரு சுரம் பிசகவில்லை. இவரைப் பார்த்து, இவரை மட்டும் பார்த்து, கப்பல் திரும்பும் வரை அதையே அடித்துக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.